மலாக்கா புனித பவுல் குன்றுத் தேவாலயம்: எந்தச் சுவர் எந்தக் காலத்தது?

குன்றேறி எழுதியது:

அவையோருக்கு வணக்கம். மலேசியாவின் மலாக்கா நகரில், புனித பவுல் குன்றின் உச்சியில் கூரையின்றி நிற்கும் தேவாலயத்தைப் பற்றி எனக்குச் சில ஐயங்கள் உண்டு. கட்டடக் கலையிலும் காலனிய வரலாற்றிலும் பயிற்சி உள்ளவர்கள் இங்கே இருப்பதால் விரிவாகவே கேட்கிறேன்.

சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் இதை "1521இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அதே கையேட்டின் அடுத்த பத்தியில் டச்சுக்காரர் வருகிறார்கள், ஆங்கிலேயர் வருகிறார்கள், வெடிமருந்துக் கிடங்கு என்ற பேச்சு வருகிறது, முகப்பை ஒட்டி வெள்ளைநிறக் கலங்கரை விளக்கம் ஒன்றும் வந்துவிடுகிறது. இத்தனை கைகள் மாறிய கட்டடத்தில் இன்று நாம் காணும் சுவர்கள் உண்மையிலேயே 1521ஆம் ஆண்டுச் சுவர்கள்தாமா, அல்லது அந்த ஆண்டு ஒரு தொடக்கப் புள்ளி மட்டும்தானா என்பது என் முதல் ஐயம்.

இரண்டாவது, கூரையைப் பற்றியது. 1641ஆம் ஆண்டு முற்றுகையில் டச்சுப் பீரங்கிகள் கூரையைத் தகர்த்துவிட்டன என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையா?

மூன்றாவது, பீடப் பகுதியின் தரையில் கம்பி வலையால் மூடப்பட்டிருக்கும் குழி. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் அதில் ஒன்பது மாதம் இருந்தது என்ற செய்தியை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்? இவற்றுக்கெல்லாம் மேலாக, கீழே கடலை ஒட்டித் துறைமுகமும் கோட்டையும் இருக்கும்போது ஒரு தேவாலயத்தை ஏன் குன்றின் உச்சிக்குக் கொண்டு போனார்கள் என்பதற்கும் விளக்கம் கிடைத்தால் மகிழ்வேன்.

---

செம்புறைக்கல் எழுதியது:

நல்ல வினா. கட்டடத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் விடை எழுதுகிறேன். சவேரியார் வரலாற்றை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

குன்றிலிருந்தே தொடங்குவது நல்லது. 1511ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் போர்த்துகீசியத் தளபதி அபோன்சோ டி அல்புகெர்க் மலாக்காவைக் கைப்பற்றுவதற்கு முன்பு, இந்தக் குன்றுதான் மலாக்கா சுல்தானியத்தின் அரண்மனை இருந்த இடம். வென்றவர்கள் குன்றின் அடிவாரத்தில் கடலோரமாகக் கோட்டையை எழுப்பினார்கள். அதற்கான கல்லின் ஒரு பகுதி பள்ளிவாசல்களையும் மன்னர் கல்லறைகளையும் இடித்து எடுக்கப்பட்டது என்று போர்த்துகீசியரின் எழுத்துகளே ஒப்புக்கொள்கின்றன. எனவே பத்து ஆண்டுகள் கழித்து உச்சியில் ஒரு தேவாலயம் எழுந்தபோது, அது வெறும் மேட்டு நிலத்தில் எழுந்ததாகக் கொள்ள முடியாது. பழைய ஆட்சியின் இருக்கை எங்கே இருந்ததோ, அங்கே புதிய ஆட்சியின் வழிபாட்டிடம் வந்து அமர்ந்தது. இதோடு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. இன்று கடற்கரை நிரப்பப்பட்டு நிலம் முன்னேறிவிட்டதால் நமக்கு அது புலப்படுவதில்லை. அக்காலத்தில் குன்றின் அடிவாரத்துக்கு அருகிலேயே கடல் இருந்தது. நீரிணையில் வரும் மாலுமியின் கண்ணுக்கு முதலில் படுவது இந்த உச்சிதான்.

1521இல் இதைக் கட்டியவர் துவார்த்தே கோயல்யோ என்ற போர்த்துகீசியக் கடற்படைத் தலைவர். தென்சீனக் கடலில் பேராபத்து ஒன்றிலிருந்து தப்பியதற்கு நன்றிக்கடனாக அன்னை மரியாவின் பெயரால் ஒரு சிற்றாலயத்தை எழுப்பினார் என்பது மரபு. இதே கோயல்யோதான் பிற்காலத்தில் பிரேசிலின் பெர்னம்புகோ பகுதிக்கு உரிமையாளராகப் போய், அங்கே ஒலிண்டா நகரை நிறுவியவர். அந்த நகரமும் குன்றுகளின் மேல்தான் இருக்கிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

இனி உங்கள் முதல் ஐயத்துக்கு வருவோம். 1521இல் எழுந்தது சிற்றாலயம்; இன்று நிற்பது அந்த அளவுக் கட்டடம் அன்று. 1548இல் கோவாவின் ஆயர் ஜோவாவ் டி அல்புகெர்க் இந்த ஆலயத்தை, சவேரியார் சேர்ந்திருந்த கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையினருக்கு அளித்தார். உரிமைப் பத்திரத்தைப் பெற்றுக்கொண்டவர் சவேரியார். அதன்பின் இயேசு சபையினர் தங்கள் கல்விப் பணிக்கும் வழிபாட்டுக்கும் ஏற்றபடி கட்டடத்தை விரிவாக்கினார்கள். 1556இல் மேல்தளம் சேர்க்கப்பட்டது. 1590இல் மணிக்கூண்டு எழுந்தது. 1592இல் தரைக்கடியில் கல்லறை அறை திறக்கப்பட்டது. ஆகவே நாம் காணும் உயர்ந்த சுவர்களைப் பொதுவாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருப்பெற்றவை என்று சொல்வதே பொருத்தம். 1521 என்ற ஆண்டு இடத்துக்கும் வழிபாட்டுத் தொடர்ச்சிக்கும் உரியது. சுவரின் முழு உயரத்துக்கும் அதை ஏற்றிச் சொல்லக் கூடாது.

கட்டடத்தின் அமைப்பும் இதற்கு ஒத்துப் போகிறது. உள்ளே இருபுறமும் தூண்வரிசையால் பிரிக்கப்பட்ட பக்கக்கூடங்கள் இல்லை. ஒரே நீண்ட கூடம், அதன் முடிவில் பீடப் பகுதி, அவ்வளவுதான். கடல்கடந்த போர்த்துகீசியக் கட்டடங்களில் இந்த எளிய பெட்டி அமைப்பு மிகவும் பழக்கமானது. தூண் மறைக்காமல் அனைவரும் பீடத்தைப் பார்க்கவும் மறையுரையைக் கேட்கவும் இது வசதியாக இருந்ததால், மறையுரைக்கு முதன்மை தந்த இயேசு சபையினருக்கும் இது ஏற்றதாயிற்று. தேர்ந்த சிற்பிகளும் மென்மையான செதுக்குக் கல்லும் கிடைக்காத ஊரில் தடித்த சுவர், ஆழமான சாளரம், அலங்காரம் குறைந்த முகப்பு என்று கட்டுவதுதான் அறிவுடைமை. அழகு குறைவு என்று இதைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள், கட்டியவர்களிடம் என்ன பொருள் இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அந்தப் பொருள் செம்புறைக்கல். மலாக்கா கோட்டைக்கான கல்லில் ஒரு பகுதி கரைக்கு அப்பாலுள்ள உப்பே தீவிலிருந்து வெட்டிக் கொண்டுவரப்பட்டது. மண்ணிலிருந்து வெட்டும்போது இந்தக் கல் மென்மையாக இருக்கும். கோடரியாலேயே சதுரமாகச் செதுக்கிவிடலாம். காற்றும் வெயிலும் பட்டு உலர உலர இரும்புச் சத்து இறுகிக் கெட்டியாகிவிடும். ஆனால் மேற்பரப்பு முழுவதும் துளைகளாக இருப்பதால் நுண்ணிய வேலைப்பாட்டுக்கு இடம் தராது, மழைநீரையும் உறிஞ்சும். அதனால் சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடிப்பது கட்டாயம். இன்று சிவந்தும் கறுத்தும் தெரியும் சுவரை "பழமையின் நிறம்" என்று வியக்கிறோமே, கட்டிய காலத்தில் அந்த நிறத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கப்பலில் வந்தவர்கள் கண்டது வெள்ளைக் கட்டடத்தை.

கூரையைப் பற்றிய கதையை நான் ஏற்கவில்லை. 1641ஆம் ஆண்டு ஜனவரியில் நகரம் டச்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் இந்த ஆலயத்தைத் தங்கள் புராட்டஸ்டண்ட் பிரிவான சீர்திருத்தச் சபையின் வழிபாட்டுக்கு மாற்றி, புனித பவுல் பெயரைச் சூட்டி, 1753 வரை, அதாவது 112 ஆண்டுகள், தங்கள் தலைமைத் தேவாலயமாகப் பயன்படுத்தினார்கள். முற்றுகையில் சேதம் ஏற்பட்டிருக்கலாம். ஆனால் கூரையில்லாத கட்டடத்தில், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஓர் ஊரில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எந்தச் சபையும் கூடியிருக்காது. டச்சுக்காரர் நகரைப் பிடித்த நூற்றாண்டு நினைவாக 1741இல் கீழே சதுக்கத்தில் தொடங்கிய கிறிஸ்து ஆலயம் 1753இல் நிறைவுற்றதும், மேலே இருந்த ஆலயத்தில் வழிபாடு நின்றது; கட்டடம் கோட்டை அரணின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. பிற்பாடு ஆங்கிலேயர் இதை வெடிமருந்து வைக்கப் பயன்படுத்தினார்கள். வெடிமருந்தை மழையில் போட்டுவைக்க இயலாது என்பதால், அப்போதும் கட்டடத்தின் ஒரு பகுதியாவது மூடிய நிலையில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆக, கூரை போனது ஒரே நாளில் பீரங்கியால் நிகழ்ந்ததன்று. ஓடு நழுவி, நீர் இறங்கி, உத்தரம் உளுத்து, கவனிப்பார் இன்றிச் சிறிது சிறிதாகப் போனது.

கலங்கரை விளக்கம் ஆங்கிலேயர் காலத்து வேலை. முகப்புக்கு நேர் முன்னால் அதை நட்டதால் கட்டடத்தின் முகம் பாதி மறைந்துவிட்டது. கட்டடக் கலை நோக்கில் அது பெருங்குறை என்றாலும், உச்சியைக் கடலிலிருந்து காண முடியும் என்ற அதே காரணம்தான் கோயல்யோவையும் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளரையும் ஒரே இடத்துக்கு இழுத்து வந்தது என்பதால், என்னால் அதன்மேல் முழுக் கோபம் கொள்ள முடியவில்லை.

---

முத்துக்குளித்துறை எழுதியது:

செம்புறைக்கல் ஐயா கட்டடத்தைப் பற்றி நிறைவாக எழுதிவிட்டார். குழியைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

சவேரியாருக்கும் மலாக்காவுக்கும் உள்ள தொடர்பு அவர் இறந்த பின் தொடங்கியதன்று. 1542இல் கோவாவுக்கு வந்து, அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றியவர், 1545இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு, அங்கிருந்துதான் மலாக்காவுக்குக் கப்பலேறினார். செப்டம்பர் மாத இறுதியில் அங்கே இறங்கினார். இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளுக்குப் போனதும் மலாக்கா வழியாகத்தான். 1547இல் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்து, அந்நாட்டைப் பற்றிக் கேட்டறிந்ததும் மலாக்காவில்தான். 1549இல் அந்நாட்டுக்குப் புறப்பட்டதும் இதே துறையிலிருந்து. கிழக்கு நோக்கிய ஒவ்வொரு பயணத்துக்கும் இந்தக் குன்று அவருக்குத் தங்கிச் செல்லும் இடமாக இருந்தது.

கடைசிப் பயணத்தில் ஒரு கசப்பான நிகழ்ச்சி உண்டு. 1552இல் தியோகோ பெரெய்ரா என்ற வணிகரைத் தூதராகக் கொண்டு சீனாவுக்குள் நுழையத் திட்டமிட்டிருந்தார் சவேரியார். மலாக்காவில் அதிகாரத்தில் இருந்த அல்வரோ டி அத்தாயிதே, வாஸ்கோ ட காமாவின் மகன், அந்தத் தூதுக்குழுவைப் போகவிடாமல் தடுத்துவிட்டார். தூதரில்லாமல் புறப்பட்ட சவேரியார், சீனக் கரைக்கு அருகிலுள்ள சாங்சுவான் தீவில் 1552 டிசம்பர் 3ஆம் நாள் இறந்தார். அங்கே புதைக்கப்பட்ட உடல் தோண்டியெடுக்கப்பட்டு, 1553 மார்ச் 22ஆம் நாள் மலாக்காவுக்கு வந்து, இந்தக் குன்றுத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. டிசம்பர் 11ஆம் நாள் கோவாவுக்குக் கப்பலேற்றப்பட்டு, 1554 மார்ச் மாதம் அங்கே சேர்ந்தது.

மார்ச் முதல் டிசம்பர் வரை கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்பது மாதம் வருகிறது. கையேடுகள் சொல்லும் ஒன்பது மாதத்தின் அடிப்படை இதுதான். ஆனால் உடல் நகரில் இருந்த காலத்தையும் அந்தக் குழிக்குள் இருந்த காலத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அந்த மாதங்களுக்கு நடுவிலேயே உடலைக் குழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கோவாவுக்கான பயணம் அமையும் வரை அது தியோகோ பெரெய்ராவின் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தது. எந்த வணிகரின் தூதுப் பயணம் அந்நகரில் முறிந்ததோ, அதே வணிகர்தான் கடைசியில் உடலுக்குக் காவலாக இருந்தார் என்பது கல்வெட்டுப் பலகைகளில் வராத செய்தி.

குழி இன்று வெறுமையாக இருக்கிறது. வருவோர் அதில் நாணயங்களை வீசுகிறார்கள். தேவாலயத்துக்கு முன்னால் நிற்கும் சவேரியார் சிலை 1952இல், நானூறாம் ஆண்டு நினைவாக வைக்கப்பட்டது; அதன் வலக்கை உடைந்திருக்கிறது. நிறுவிய மறுநாளே ஒரு சவுக்கு மரம் சாய்ந்து கையை முறித்துவிட்டது என்று சொல்லப்படுகிறது. சவேரியாரின் உடலிலிருந்து வலது முன்கை 1614இல் பிரிக்கப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டது என்பது வரலாறு. இரண்டையும் இணைத்து அற்புதமாகப் பேசுவோர் உண்டு. அதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். கட்டடத்தின் வரலாற்றுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

---

கொத்தளம் எழுதியது:

மேலே எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரே ஒரு கேள்வி விடுபட்டுவிட்டது. போர்த்துகீசிய மலாக்காவில் இருந்த தேவாலயம் இது ஒன்றுதானா? 1558 முதல் மலாக்கா ஒரு மறைமாவட்டம். குன்றின் அடிவாரத்தில் அதற்கான பேராலயமே இருந்தது. வேறு சபையினருக்கும் ஆலயங்கள் இருந்தன. அவை எதுவும் இன்று இல்லை. சுற்றி வளைத்திருந்த பெருங்கோட்டையும் இல்லை. 1807இல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தபோது, கல்பாளங்கள் யானை அளவிலும் வீட்டு அளவிலும் பறந்து கடலில் விழுந்ததாக மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா எழுதியிருக்கிறார். (நாகூர்த் தொடர்புடைய குடும்பத்தில் வந்த அவர், சிறு வயதில் தமிழும் படித்தவர்.) அந்த இடிப்பில் தப்பியது புனித சந்தியாகு வாயில் ஒன்றுதான், அதன் நெற்றியிலும் 1670 என்ற ஆண்டோடு டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் சின்னம்தான் இருக்கிறது. அப்படியிருக்க, உச்சியில் இருந்த இந்தத் தேவாலயம் மட்டும் எப்படி மிஞ்சியது?

என் விடை இது: தேவாலயமாக இருப்பதை நிறுத்திய பிறகும் இது பயனுள்ள கட்டடமாக இருந்தது. டச்சுக்காரருக்கு வழிபாட்டிடமாகவும் பெருமக்களைப் புதைக்கும் இடமாகவும் முதலில் பயன்பட்டது. பிறகு அரணாக மாறியது. ஆங்கிலேயருக்குத் தடித்த சுவருள்ள கிடங்கும், கலங்கரை விளக்கம் வைப்பதற்கான மேடும் தேவைப்பட்டன. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைக் கைவிட்டார்கள். ஆனால் இடிக்கும் தேவை எவருக்கும் வரவில்லை. "கவனிப்பார் இன்றிப் போனது" என்று செம்புறைக்கல் எழுதியது கூரைக்குப் பொருந்தும். சுவருக்குப் பொருந்தாது. சுவரை மாறி மாறி யாராவது ஒருவர் பயன்படுத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

இதைச் சென்னையின் பரங்கிமலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கும் போர்த்துகீசியர் 1523ஆம் ஆண்டளவில் குன்றின் உச்சியில் ஆலயம் எழுப்பினார்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டு வேறுபாடுதான். 1547இல் அங்கே கட்டட வேலைக்காகத் தோண்டியபோது பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. அது பீடத்தில் பதிக்கப்பட்டு இன்றுவரை வணங்கப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் தம் செலவில் குன்றுக்குப் படிக்கட்டு அமைத்தார். டிசம்பர் 18ஆம் நாள் விழா தொடர்கிறது. அதாவது அங்கே வழிபாடு அறவே நிற்கவில்லை. அதனாலேயே ஒவ்வொரு தலைமுறையும் பூசியது, ஓடு மாற்றியது, புதுப்பித்தது. பக்தருக்கு அது நிறைவு தரும். 16ஆம் நூற்றாண்டுக் கொத்து வேலையைத் தேடிப் போகிறவருக்கோ, சாந்துக்கும் வண்ணத்துக்கும் பின்னால் எதுவும் தெரியாது. மலாக்காவில் பூச்சு முழுவதும் உதிர்ந்துவிட்டதால் சுவரின் எலும்பே வெளியே தெரிகிறது. கட்டட வரலாறு படிப்பவருக்கு இடிபாடுதான் நல்ல ஆசிரியர் என்று சொல்வேன். வழிபடுவோர் இதைக் கேட்டு வருந்தலாம்.

---

செம்புறைக்கல் எழுதியது:

கொத்தளம் அவர்களின் திருத்தத்தை விரும்பி ஏற்கிறேன், ஒரு பகுதியைத் தவிர. இடிபாடு தெளிவாகப் பேசும் என்பது பாதி உண்மைதான். பூச்சு உதிர்ந்த சுவரில் கல் தெரியும்; ஆனால் மரவேலை முழுவதும் போய்விட்டிருக்கும். ஓர் இபேரிய (போர்த்துகல், ஸ்பெயின்) தேவாலயத்தின் உள்ளழகில் பெரும்பங்கு மரத்தில்தான் இருந்தது: பீடத்துக்குப் பின்னால் எழும் பொன்பூசிய மரச் சட்டகம், பாடகர் நிற்கும் மேல்மாடம், மறையுரை மேடை, விதானம். உருவங்களை வழிபாட்டிடத்தில் வைத்திருக்க ஒப்பாத சீர்திருத்தச் சபை 1641இல் உள்ளே வந்ததும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடமில்லாமல் போயிருக்கும். எனவே மலாக்காவில் நாம் பார்ப்பது எலும்பு என்றால், அது போர்த்துகீசிய உடலின் எலும்பா, டச்சு உடலின் எலும்பா என்று பிரித்தறிய அந்த எலும்பு மட்டும் போதாது.

வினா எழுப்பியவருக்கு நடைமுறையில் உதவும் சில குறிப்புகளைத் தருகிறேன். சுவரின் உட்புறத்தில் ஒரே மட்டத்தில் வரிசையாக அமைந்த சதுரக் குழிகள் தென்பட்டால், அவை உத்தரங்கள் செருகப்பட்ட இடங்கள். மேல்தளமோ மாடமோ இருந்ததை அவை காட்டும். சாளரத்தையோ வாசலையோ பிற்காலத்தில் அடைத்திருந்தால், அடைத்த பகுதியின் கல்வரிசை சுற்றிலுமுள்ள வரிசையோடு இழைந்து போகாமல் நேர்க்கோட்டுப் பிளவாக நிற்கும். செம்புறைக்கல் சுவருக்கு நடுவே செங்கல் தென்பட்டால், அதைப் பெரும்பாலும் பழுதுபார்த்த அடையாளமாகவோ வளைவைத் தாங்க வைத்த வேலையாகவோ கொள்ளலாம். ஆனால் செங்கல்லைக் கண்டதுமே "டச்சு" என்று எழுதிவிட வேண்டாம், போர்த்துகீசியருக்கும் செங்கல் தெரியும். இவற்றையெல்லாம் காலை வேளையிலோ மாலை வேளையிலோ பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. உச்சி வெயிலில் சுவர் முழுவதும் ஒரே தட்டையாகத் தெரியும்.

---

குன்றேறி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. குறிப்பாக, குழியில் இருந்த காலத்தையும் நகரில் இருந்த காலத்தையும் பிரித்துக் காட்டியது பெரிதும் உதவியது. ஒன்றே ஒன்று மீதமிருக்கிறது. உள்ளே சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பெரிய கல்லறைக் கற்கள் முதலிலிருந்தே அப்படித்தான் நின்றனவா? அவற்றில் போர்த்துகீசியக் கல் எது, டச்சுக் கல் எது என்று அந்த மொழிகளை அறியாதவர் எப்படிக் கண்டுகொள்வது?

---

கொத்தளம் எழுதியது:

இல்லை, அவை நின்றிருந்தவை அல்ல. புதைத்த இடத்தின் மேல் தரையோடு தரையாகக் கிடந்த கற்கள் அவை; பாதுகாப்புக்காகவும் பார்வைக்காகவும் பிற்காலத்தில் எடுத்துச் சுவரோரம் நிறுத்தினார்கள். அதனால் இன்று ஒரு கல் நிற்கும் இடத்தை வைத்து, அதற்குரியவர் அங்கேதான் புதைக்கப்பட்டார் என்று முடிவு செய்யக் கூடாது.

மொழியை அடையாளம் காண்பது எளிது. "ஆக்கி ஜாஸ்" (Aqui jaz) என்ற சொற்களோடு தொடங்கினால் போர்த்துகீசியம். "ஹியர்" (Hier) என்று தொடங்கினால் டச்சு. இரண்டும் "இங்கே கிடக்கிறார்" என்றே சொல்கின்றன. திருச்சபைப் பெரியோர் கற்களில் இலத்தீனும் வரும். 1598இல் இறந்த ஜப்பானின் ஆயர் பேதுரோ மார்த்தின்ஸ் இங்கே அடக்கம் செய்யப்பட்டவர். எழுத்துத் தேய்ந்திருந்தால் சிற்பத்தைப் பாருங்கள். டச்சுக் கற்கள் பெரும்பாலும் அளவில் பெரியவை. மேற்பகுதியில் தலைக்கவசமும் இலைச்சுருளும் சூழ்ந்த குடும்பக் கேடயச் சின்னம் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கும், கீழே இறந்தவரின் பதவியும் ஆண்டும் விரிவாக இருக்கும். கிழக்கிந்திய நிறுவனத்தின் அதிகாரிகள், கப்பல் தலைவர்கள், அவர்களின் மனைவியர், பிறந்து சில மாதங்களில் இறந்த குழந்தைகள் எனப் பலரும் இக்கற்களில் வருவதால், அக்கால மலாக்காவில் உயிர் எவ்வளவு எளிதாகப் போனது என்பதற்கு இவை ஆவணங்கள். மண்டையோடும் குறுக்கெலும்பும் கண்டு கடற்கொள்ளையர் கல்லறை என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம். சாவை நினைவூட்டும் அந்த அடையாளம் அக்கால ஐரோப்பியக் கல்லறைகளில் மிகப் பொதுவானது.

உச்சியில் பார்த்து முடித்ததும் இரண்டு இடங்களுக்குப் போய்வாருங்கள். ஒன்று கிறிஸ்து ஆலயம்: அதன் தரையிலும் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன, அவற்றில் ஆர்மீனிய எழுத்துள்ள கல்லும் உண்டு, பரங்கிமலைக்குப் படி கட்டிய அதே வணிகச் சமூகம் வங்கக் கடலுக்கு இப்புறமும் அப்புறமும் இயங்கியதற்கு அது சான்று. மற்றொன்று குன்றின் சரிவில் "டச்சுக் கல்லறைத் தோட்டம்" என்ற பெயர்ப்பலகையோடு இருக்கும் இடம். பெயரை நம்பிப் போனால் ஏமாற்றம்தான்: அங்கே டச்சுக்காரர் கல்லறைகள் ஐந்து, ஆங்கிலேயர் கல்லறைகள் முப்பத்து மூன்று. டச்சுப் பெருமக்களின் கற்களைப் பார்க்க வேண்டுமென்றால் மீண்டும் படியேறி மேலேதான் வரவேண்டும்.